திரிய வேண்டிய பால்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீடு, மாலை ஐந்து மணி. மலேசியாவில் கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கை இரண்டு வார விடுப்பில் வந்திருக்கிறாள். இன்றைக்கு ராத்திரி எல்லோருக்கும் 'எங்க ஊர்ச் சாப்பாடு' என்று காலையிலேயே அறிவித்துவிட்டாள். 'எங்க ஊர்' என்று அவள் சொன்னது கிள்ளானை என்பதை அக்கா கவனித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் கோழி, அரைத்த மசாலா, தேங்காய்ப்பால் மூன்றும் ஒரே வாணலியில் முக்கால் மணி நேரமாகக் கொதிக்கின்றன. எட்டிப் பார்த்த அக்கா பதறிப் போகிறாள்.

"என்னடி, பால் திரிஞ்சு போச்சே!"

"திரியட்டும்க்கா. அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கேன்."

காட்சி கற்பனைதான். ஆனால் அந்த இரண்டு வரிப் பேச்சில் இரண்டு சமையல் மரபுகளின் வேதியியல் அடங்கியிருக்கிறது. தமிழ்ச் சமையலில் தேங்காய்ப்பால் கடைசியில் வரும் விருந்தாளி. ஆப்பத்துக்கான பாலானாலும் சரி, திருநெல்வேலிச் சொதியானாலும் சரி, கெட்டியான முதல் பாலை ஊற்றியதும் நுரை கட்டுகிற நேரத்தில் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பது பாட்டி காலத்து எச்சரிக்கை. மலாய்ச் சமையலில் அதே பால் முதலிலேயே வந்து கடைசிவரை இருக்கிறது. கொதித்து, சுண்டி, உடைந்து, எண்ணெய் கக்கினால்தான் சமையல் முடிந்தது என்று பொருள். 'பெச்சா மிஞ்யாக்' என்கிறார்கள் மலாயில்: எண்ணெய் உடைதல். அக்கா எதைப் பார்த்துப் பதறினாளோ, தங்கைக்கு அதுதான் பதம்.

தேங்காய்ப்பாலைப் பால் என்று சொல்வது நிறத்தை வைத்துத்தான். தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி நீர், மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழியும்போது அந்தக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாக நீரில் சிதறுகிறது. வெதுவெதுப்பு எதற்கு? தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி மாதத்தில் தலைக்குத் தடவும் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாகக் கட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் கொழுப்பில் பாதி சக்கையோடு நின்றுவிடும்.

எண்ணெயும் நீரும் சேராது. ஆனாலும் தேங்காய்ப்பாலில் சேர்ந்தாற்போல் இருக்கின்றன. ஒவ்வொரு துளியையும் சுற்றித் தேங்காயின் புரதங்கள் மெல்லிய சட்டைபோலப் படிந்து, துளியோடு துளி ஒட்டாமல் பார்த்துக்கொள்வதே காரணம். அந்தச் சட்டை அவ்வளவு உறுதியானது அல்ல. மாட்டுப்பாலில் இருக்கும் கேசீன் புரதம் கொதிநிலையையும் தாங்கும். அதனால்தான் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்ச முடிகிறது. தேங்காய்ப் புரதங்களோ 80 டிகிரியைத் தாண்டும்போதே உருக்குலைந்து சுருண்டு கட்டிக்கொள்கின்றன. சட்டை கிழிந்த துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி மேலே மிதக்கின்றன. புளிப்பும் இதே வேலையைச் செய்யும். கரைசல் புளிக்கப் புளிக்கப் புரதங்களின் மின்னூட்டம் குறைந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தவை ஒட்டிக்கொள்ளும். சொதியை இறக்கிவைத்த பிறகே எலுமிச்சம்பழம் பிழிகிறார்கள் அல்லவா? சூடும் புளிப்பும் ஒரே நேரத்தில் பாலைத் தாக்காமல் காக்கும் ஏற்பாடு அது.

கடையில் விற்கும் பெட்டிப் பாலில் கதை வேறு. பல பிராண்டுகளில் பாலிசார்பேட் 60 என்ற பால்மமாக்கியும் (அட்டையில் 435 என்ற எண்ணாக ஒளிந்திருக்கும்) கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையும் சேர்த்திருப்பார்கள். போதாக்குறைக்கு, அதிக அழுத்தத்தில் செலுத்திக் கொழுப்புத் துளிகளை மேலும் பொடியாக்கியும் இருப்பார்கள். சொதிக்கு இது வரம். தங்கையின் வாணலிக்கோ தொல்லை: எவ்வளவு கொதித்தாலும் எண்ணெய் சுலபத்தில் பிரியாது. அவள் இரண்டு தேங்காயைத் துருவச் சொன்னது பழமைப் பற்றினால் அல்ல.

புதுச்சேரிச் சமையலறைக்குத் தென்கிழக்காசியா புதிதும் இல்லை. பிரெஞ்சு ஆட்சியின்போது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே இந்த ஊர்க்காரர்கள் சைகோனுக்குப் போய் அரசு அலுவலகங்களிலும் படையிலும் வேலை பார்த்தார்கள். திரும்பி வந்தவர்களில் சிலர் வியட்நாமிய மனைவியரோடு வந்தார்கள். 'நெம்' என்ற பொரித்த சுருளும் மீன்சாறும் அப்படித்தான் இங்கே சில வீடுகளின் விருந்துப் பலகாரமாயின. இன்னும் பின்னோக்கிப் போனால் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளைப் பார்த்து உலகமே மேற்கு நோக்கித் திரும்பியது. ஆனால் அதே மண்ணில் கிடைத்த, உட்புறம் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோலம் பதித்த ஒருவகை மட்பாண்டம் கிழக்கே பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்திருக்கிறது. 'ரௌலட்டட்' பாண்டம் என்கிறார்கள் தொல்லியலார். களிமண்ணைப் பகுத்துப் பார்த்தபோது இரண்டு ஊர் ஓடுகளின் வேதிக் கலவையும் ஒத்துப்போனது. தட்டுகள் கப்பலேறிப் போயிருக்கின்றன. அவற்றில் என்ன பரிமாறினார்கள் என்பதை ஓடுகள் சொல்வதில்லை.

சொற்கள் கொஞ்சம் சொல்கின்றன. மலாயில் கறி 'காரி'. கொத்துமல்லி விதை 'கெத்தும்பார்'. மாங்காய் 'மங்கா'. ஆப்பம் 'அப்பம்'. இவற்றையெல்லாம் வாங்கும் கடை 'கெடாய்'. இலங்கைத் தமிழர் தேங்காயோடு இடிக்கும் சம்பல் எதிர்த்திசையில் வந்த சொல். மலாய் 'சம்பால்'தான் அது. புளிக்கு நேர்ந்தது வேடிக்கை. அரபியர் அதை 'இந்தியப் பேரீச்சை' என்றார்கள், மலாய்க்காரர் 'ஜாவாப் புளிப்பு' என்றார்கள். மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா.

அக்காவின் ஆச்சரியம் தொடங்குவதும் இங்கேதான். தங்கை எழுதிக் கொடுத்த பட்டியலோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனவள், ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கி வந்துவிட்டாள். சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், இஞ்சி, பூண்டு, புளி, கருவாட்டுக்காரம்மாவிடம் நெத்திலி. 'செராய்' என்றிருந்தது எலுமிச்சைப்புல். மாடித் தோட்டக்காரர்களிடம் கிடைக்கிறது. 'லெங்குவாஸ்' என்றால் பேரரத்தை. அதைக் காய்கறிக் கடையில் கேட்டால் விழிப்பார்கள், நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் "இருமலுக்கா?" என்பார்கள். ஒரே இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு, கடலுக்கு அந்தப் பக்கம் மசாலா, இந்தப் பக்கம் மருந்து. சர்க்கரைக்குப் பதில் 'குலா மெலாக்கா' என்ற தென்னை வெல்லம் கேட்டிருந்தாள். கருப்பட்டியைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டாள். கிடைக்காதது 'லீமாவ் பூருட்' இலை ஒன்றுதான். அதற்கு நார்த்தங்கொழுந்து பறித்தார்கள். வேப்பிலைக்கட்டி இடிக்கும் வீட்டில் நார்த்த இலைக்கா பஞ்சம்? மணம் அச்சு அசலாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலாய் இலையின் வாசனையில் பெரும்பங்கு சிட்ரோனெல்லால் என்ற ஒற்றைப் பொருள். நார்த்த இலையில் அதன் ஆதிக்கம் அவ்வளவு இல்லை.

பொருள்கள் ஒன்றுபோல இருந்தும் சுவை வேறாவது எப்படி? வரிசையால்.

தமிழ்க் குழம்பு எப்படித் தொடங்குகிறது? எண்ணெய் காய்கிறது, கடுகு வெடிக்கிறது, வெங்காயம் பொன்னிறமாகிறது, மசாலா பச்சை வாசனை போக வதங்குகிறது. அதன் பிறகே தண்ணீரும் கொதியும். அதாவது முதலில் வறுத்தல், பிறகு வேகவைத்தல். தங்கை சமைக்கும் ரெண்டாங் இதைத் தலைகீழாக்குகிறது. முதலில் தேங்காய்ப்பாலில் எல்லாம் வேகின்றன. நீர் முழுதும் போன பின், பாலிலிருந்து பிரிந்த எண்ணெயிலேயே எல்லாம் வறுபடுகின்றன. வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றத் தேவையே இல்லை. பாத்திரம் ஒன்று, அதற்குள் இரண்டு சமையல்.

சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களின் உணவு இது. அவர்கள் குடியேறிய மலேசியாவின் நெகிரி செம்பிலானுக்கும் பிறகு நாடு முழுவதற்கும் பரவியது. மினாங்கபாவ் சமையல்காரர்கள் ஒரே வாணலிக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். பால் தளதளவென்று இருக்கும்வரை குலாய். சுண்டிக் கெட்டியாகி எண்ணெய் ஓரம் கட்டினால் கலியோ. நீர் முற்றிலும் வற்றிக் கறுப்பு கலந்த பழுப்பாகிவிட்டால்தான் ரெண்டாங். பல உணவகங்களில் ரெண்டாங் என்று பரிமாறப்படுவது, கறாராகப் பார்த்தால், கலியோ.

இந்த மூன்று நிலைகளையும் பிரிப்பது வெப்பநிலை. வாணலியில் தாராளமாக நீர் இருக்கும்வரை, அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் கலவையின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. அந்தச் செலவு சாதாரணமானதல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை அறைவெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரும் ஆற்றலைப்போல் ஏழு மடங்குக்கும் மேல், அதே தண்ணீரை ஆவியாக்கத் தேவை. சமையல் எரிவாயுக் கணக்கில் சொன்னால், அடுப்பின் திறன் 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 80 கிராம். 14.2 கிலோ சிலிண்டரில் அது பெரிய தொகை இல்லைதான். ஆனால் மாட்டிறைச்சி ரெண்டாங்குக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஏன் ஆகிறது என்பதற்கு அது பதில். அந்த நேரத்தில் இறைச்சியின் விறைப்பான கொலாஜன் நார்கள் மெதுவாக ஜெலட்டினாகக் கரைகின்றன. பண்ணைக் கோழிக்கு அத்தனை கொலாஜனும் இல்லை, பொறுமையும் இல்லை. பால் வற்றுமுன் எலும்பை விட்டு உதிர்ந்துவிடும். தங்கை நாட்டுக்கோழிதான் வேண்டும் என்று அடம்பிடித்தது இதனால்தான்.

நீர் தீர்ந்ததும் ஓசை மாறும். கொதியின் 'தளதள' அடங்கி, எண்ணெயின் 'சடசட' எழும். அனுபவப்பட்டவர்கள் பக்கத்து அறையிலிருந்தே இதைக் கேட்டு ஓடி வருவார்கள். அதுவரை 100 டிகிரியில் கட்டுண்டிருந்த கலவை இப்போது மேலே ஏறுகிறது. 140 டிகிரியை நெருங்கும்போது புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வேகமாகக் கைகோத்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. தோசையின் முறுகல், காப்பிக்கொட்டையின் கருமை, வறுத்த வெங்காயத்தின் வாசனை எல்லாம் இந்த வினையின் பிள்ளைகள். இதை 1912இல் முதன்முதலாக விவரித்தவர் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. வினைக்குப் பெயர் வைக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே வறுத்தரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவைப் பதறவைத்த அந்தத் திரிவை இப்போது பார்க்க வேண்டும். சுருண்டு கட்டிய தேங்காய்ப் புரதத் துணுக்குகள் வீணாகவில்லை. கோழித் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு, தம் சொந்த எண்ணெயிலேயே பொரிந்து, பழுப்பேறுகின்றன. போதாதென்று கடைசியில் 'கெரிசிக்' வேறு சேர்கிறது: தேங்காய்த் துருவலை வெறும் சட்டியில் சிவக்க வறுத்து, எண்ணெய் விடும்வரை இடித்த விழுது. அக்காவுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. "வறுத்தரைச்ச தேங்காய்தானே" என்று அம்மியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த வெப்பநிலை விவகாரம் ஒருமுறை நாடுகளுக்கிடையே சண்டையாகவே ஆனது. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் ஒரு தொலைக்காட்சிச் சமையல் போட்டியில், மலேசியாவில் பிறந்த போட்டியாளர் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுடன் கோழி ரெண்டாங் வைத்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொல்ல, போட்டியாளர் வெளியேற்றப்பட்டார். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒன்றாகக் கொதித்தன. அப்போது மலேசியாவில் பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அரசியல்வாதிகளும் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். இயற்பியல் அவர்கள் பக்கம் இருந்தது. மணிக்கணக்கில் பாலில் கிடந்த தோல் நீர் வற்றும் முன் 100 டிகிரியைத் தாண்டவே முடியாது. வற்றும்போதோ அதன் கொலாஜன் ஏற்கெனவே கூழாகியிருக்கும். மொறுமொறுப்பை எதிர்பார்ப்பது கோழிக் குழம்பிடம் கோழி வறுவலைக் கேட்பதுபோல.

அடுத்து சம்பல். காய்ந்த மிளகாயை விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து, சின்ன வெங்காயத்தோடு மைய அரைத்து, எண்ணெயில் சிறுதீயில் அரைமணிக்கு மேல் கிளற வேண்டும். இங்கும் பெச்சா மிஞ்யாக்தான் இலக்கு. அரைத்த விழுதில் பெரும்பகுதி தண்ணீர். அது போகாதவரை வெங்காயத்தின் காட்டமும் மிளகாயின் பச்சை நெடியும் போகாது. தொக்கு கிளறும் தமிழ்க் கைகளுக்கு 'எண்ணெய் பிரியற வரைக்கும்' என்ற சொல் பழக்கமானதே. தேங்காய்ப்பாலில் மட்டும்தான் அதைக் குற்றமாக நினைக்கிறோம் என்பது விசித்திரம். எண்ணெய் பிரிந்த பிறகு புளிக்கரைசலும் கருப்பட்டியும்.

மிளகாய் இரண்டு ஊருக்கும் வந்தேறி. தென்னமெரிக்காவில் பிறந்து, கொலம்பசுக்குப் பின் போர்த்துக்கீசியக் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தது. அந்தப் போர்த்துக்கீசியர் கோவாவிலிருந்து புறப்பட்டு மலாக்காவைப் பிடித்தது 1511இல். புதுக் காயைப் பார்த்த தமிழர் 'மிளகுபோல் உறைக்கும் காய்' என்று மிளகாய் ஆக்கினார்கள். மலாய்க்காரரும் அதையேதான் செய்தார்கள்: 'லாடா' என்றால் மிளகு, அதையே மிளகாய்க்கும் சூட்டினார்கள். மிளகாய்க்கு அங்கே வழங்கும் இன்னொரு பெயரான 'சபாய்' முன்பு திப்பிலி வகையின் பெயர். பெயர் வைத்தவர்கள் தவறு செய்யவில்லை. மிளகின் பிப்பெரினும் மிளகாயின் கேப்சைசினும் நாக்கில் தட்டுவது ஒரே கதவை. டிஆர்பிவி1 என்ற அந்த நரம்பு ஏற்பி உண்மையில் சூட்டை உணர்வதற்கானது. சுமார் 43 டிகிரிக்கு மேல் திறக்கும். கேப்சைசின் பட்டால் சூடில்லாமலே திறந்து 'எரிகிறது' என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. 1997இல் இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சம்பல் உறைக்கும்போது பக்கத்தில் தேங்காய்ப்பால் சோறு இருப்பதன் நயம் அது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பவர்கள் எரிச்சலை வாயெங்கும் பரப்பிக்கொள்கிறார்கள்.

சம்பலின் உயிர் 'பெலாச்சான்'. குச்சி குச்சியான சின்னஞ்சிறு இறால்களை உப்பிட்டு இடித்து, வெயிலில் காயவைத்து, புளிக்கவிட்டுச் செய்யும் கட்டி. தணலில் சுட்டால் தெருமுனை வரை தெரியும். புகழ்ச்சியாகவும் சொல்லலாம், புகாராகவும் சொல்லலாம். அந்த வகை இறால் இந்தக் கடலிலும் உண்டு. தமிழ்க் கடற்கரையில் அதைப் புளிக்கவைக்காமல் அப்படியே உலர்த்திச் சென்னாக்கூனி என்று விற்கிறார்கள். பெலாச்சான் இல்லாத நாளில் சென்னாக்கூனியை வறுத்துப் பொடித்துப் போட்டால் பாதி தூரம் போய்விடலாம். மீதிப் பாதி நொதித்தலுடையது: இறாலின் சொந்த நொதிகளும் உப்பைத் தாங்கும் நுண்ணுயிர்களும் புரதத்தை அறுத்து, குளுட்டமேட்டை விடுவிக்கின்றன.

குளுட்டமேட்டின் சுவையை 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்து 'உமாமி' என்று பெயரிட்டவர் டோக்கியோவின் கிக்குனாயே இக்கேதா. 1913இல் அவருடைய மாணவர் கொதாமா, உலர்ந்த மீனின் ருசிக்கு இனோசினேட் என்ற வேறொரு பொருள் காரணம் என்று கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது என்பது 1950களின் பிற்பகுதியில் தெரியவந்தது. இப்போது தங்கையின் வாணலியைப் பாருங்கள். பெலாச்சானிலிருந்து குளுட்டமேட், நெத்திலிக் கருவாட்டிலிருந்து இனோசினேட். எந்தச் சமன்பாடும் தெரியாமல் மலாய்க் கிராமங்கள் அந்தப் பெருக்கலைப் போட்டு வைத்திருக்கின்றன. நெத்திலியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தனியே மொறுமொறுவென்று பொரித்துக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் சம்பல் நீரைக் குடித்து நமுத்துவிடும்.

வெயிலைக் கட்டியாக்கி வைக்கும் கலை புதுச்சேரிக்கும் தெரியும். சித்திரை, வைகாசியில் சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் எல்லாவற்றையும் விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, உருட்டி, மொட்டை மாடியில் நாள்கணக்கில் காயவைக்கும் வடவம் அது. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'வடுவான்' என்று தங்கள் ஊர்ச் சமையலுக்குக் கொண்டுபோனார்கள். இன்று மேலைநாட்டுக் கடைகளில் பொடியாகக் கிடைக்கிறது. அக்கா ஒரு வடவ உருண்டையைக் கிள்ளிச் சம்பலில் போடப் பார்த்தாள். தங்கை கையைப் பிடித்துத் தடுத்தாள்.

இனி சோறு. நாசி என்றால் சோறு, லெமாக் என்றால் கொழுப்பு. தமிழில் 'கொழுப்புச் சோறு' என்று பெயர் வைத்தால் சாப்பிடுகிறவரைத் திட்டுவதுபோல் ஆகிவிடும். மலாயில் அது பாராட்டு. செய்முறை எளிது என்று நினைத்து இறங்குகிறவர்கள் முதல்முறை அடிப்பிடித்த, நடுவில் அரிசி தெரியும் சோற்றைத்தான் பெறுகிறார்கள். கெட்டிப்பாலில் நீர் குறைவு. அரிசி மாவுச்சத்தோ சுமார் 65 டிகிரிக்கு மேல், போதுமான நீரை உறிஞ்சினால்தான் குழையும். புரதமும் சர்க்கரையும் அடியில் படிந்து முதலில் கருகும். எனவே நீர்த்த இரண்டாம் பாலில் அரிசியை வேகவிட்டு, முக்கால் பதம் வந்ததும் கெட்டிப்பாலை ஊற்றிக் கிளறி மூடிவிடுவது உத்தமம். புழுங்கலைவிடப் பச்சரிசி பொருந்தும். புழுங்கல் ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகிய அரிசி. அதற்குக் கூடுதல் நீரும் நேரமும் வேண்டும்.

பாலோடு ஒரு முடிச்சுப் போட்ட ரம்பை இலை. கொழும்பிலும் கோலாலம்பூரிலும் இது இல்லாமல் சோறு வேகாது. நம் பக்கத்தில் தொட்டியில் வளர்க்கும் வீடுகள் உண்டு. தாழம்பூவின் நேர் உறவு, ஆனால் பூப்பது மிக மிக அரிது. கன்று பிரித்து மனிதர் நட்டுத்தான் இது கடல் கடந்து பரவியது. கிள்ளினால் ஒன்றும் மணக்காது. வாடினாலோ வெந்தாலோ பாஸ்மதி மணக்கும். அது பிரமை இல்லை. 2-அசிட்டைல்-1-பைரோலின் என்ற ஒரே மூலக்கூறுதான் பாஸ்மதியிலும் ரம்பையிலும் இருக்கிறது என்பதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையின் ரான் பட்டரி குழுவினர் காட்டினார்கள். சோளப்பொரியின் வாசனையும் அதுவே. ரம்பையில் அதன் அளவு பாஸ்மதியில் இருப்பதைப்போல் பத்து மடங்கு வரை போகிறது. ஆக, தொட்டியில் ஒரு செடி வைத்திருப்பவர் சாதாரணப் பச்சரிசிக்குப் பாஸ்மதி வேடம் போட்டுவிடலாம்.

எட்டரை மணிக்கு வாழையிலை விரித்தாகிவிட்டது. நடுவில் சோறு, பக்கத்தில் சம்பல், ரெண்டாங், வெள்ளரித் துண்டு, அவித்த முட்டை, வறுத்த வேர்க்கடலை. அதை இந்த வீட்டில் யாரும் வேர்க்கடலை என்று சொல்வதில்லை. விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அது மல்லாட்டை. மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென்னமெரிக்கச் செடிக்குப் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர். ஒரு காலத்தில் புதுச்சேரித் துறையிலிருந்து மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்கு மூட்டை மூட்டையாகக் கப்பலேறியதும் இதுதான். மலேசியாவில் நாசி லெமாக் பெரும்பாலும் காலை உணவு என்பதையும், தான் இதை ராத்திரிக்குச் சமைத்தது அக்காவின் வீட்டுக்காரர் காலையில் இட்லியைத் தவிர எதையும் தொடமாட்டார் என்பதால்தான் என்பதையும் தங்கை அப்போது ஒத்துக்கொண்டாள்.

மிச்சத்தை என்ன செய்வது? தேங்காய்ப்பால் சோறு புதுச்சேரியின் ஈரப்பதமான இரவில் விடியும்வரை தாங்காது. வெந்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு சுரக்கும். அதில் ஒருவகை நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அங்கே இன்னொரு மாற்றம் நடக்கிறது: குழைந்த மாவுச்சத்து மறுபடி இறுகி, சிறுகுடலில் எளிதில் செரிக்காத வடிவத்துக்குப் போகிறது. 2015 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் இலங்கை மாணவர் ஒருவர், தேங்காயெண்ணெய் சேர்த்து வேகவைத்து 12 மணி நேரம் குளிரூட்டிய சோற்றில் இந்தச் செரிக்காத மாவுச்சத்து பல மடங்கு கூடுவதாகத் தன் ஆய்வை முன்வைத்தார். உடல் இளைக்க ஒரு குறுக்குவழி என்று செய்தித்தாள்கள் குதித்தன. அது ஆய்வுக்கூடத் தொடக்கநிலை முடிவு. மனிதர்களிடம் எவ்வளவு பலிக்கும் என்பது வேறு கேள்வி. தவிர, நாசி லெமாக்கில் சேரும் கொழுப்பைக் கணக்கில் எடுத்தால் இளைப்பதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது.

ரெண்டாங்குக்கு இந்தக் கவலை குறைவு. நீர் வற்றிப் போனதால் நுண்ணுயிர்களுக்குப் பிழைக்க வழியில்லை. குளிர்பெட்டி வருமுன்னரே மினாங்கபாவ் மக்கள் இதை நெடும்பயணங்களுக்குக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் தங்கை இறக்கியது நிஜத்தில் கலியோதான். பசி தாங்காமல் பிள்ளைகள் தட்டோடு வந்துவிட்டதால் கடைசி அரைமணி நேரம் கிடைக்கவில்லை. அதனால் அதில் மிஞ்சியதும் குளிர்பெட்டிக்குள் போனது. காலையில் அக்கா கிண்ணத்தைத் திறந்தபோது, மேலே விரல் தடிமனுக்கு வெள்ளைவெளேரென்று ஓர் ஏடு படிந்திருந்தது. கரண்டியால் வழித்தெடுக்கப் போனவள் நிறுத்திவிட்டு, வாணலியை அடுப்பில் வைத்து, முதலில் அந்த வெள்ளையைப் போட்டாள். அது உருகிக் காய்ந்ததும் கோழியைக் கொட்டி, சடசடக்கும்வரை கிளறினாள்.